தலசீமியா பிள்ளைக்கு ரத்தமா, மஜ்ஜையா? நாங்கள் போட்ட கணக்கு

பிள்ளைக்கு தலசீமியா மேஜர், அதாவது உடம்பு போதிய ஹீமோகுளோபினைத் தானே உண்டாக்க முடியாத பிறவி ரத்த நோய், என்று ஹெச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றப் பழகி, ஊசி போட நரம்பு கிடைக்காமல் நர்ஸம்மா இரண்டு கையையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் பக்கத்துக் கட்டில்காரர் கேட்பார்: “ஸ்டெம் செல் பண்ணினா சரியாயிடுமாமே, நீங்க பார்க்கலையா?” ஸ்டெம் செல் என்று அவர் சொன்னது, எலும்புக்குள் மஜ்ஜையில் இருந்து ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்லை; அதை இன்னொருவரிடமிருந்து வாங்கி ஏற்றுவதுதான் மஜ்ஜை மாற்று. அந்தக் கேள்வியிலிருந்து ஒரு முடிவுக்கு வர எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. அதில் ஒரு வருடம் சுத்தமாக வீண். அதை இன்னொருவராவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, தர்மபுரி பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். மகளுக்குப் பத்து மாதத்தில் நோய் தெரிந்தது, நாலரை வயதில் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது, இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒப்பிட ஆரம்பிக்கும் முன் பட்டியலில் இருக்கவே கூடாத இரண்டைத் தூக்கிப் போட்டுவிடுவோம். ஒன்று, எல்லா நோய்க்கும் ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்கள். மூட்டு வலி, சர்க்கரை, ஆட்டிசம், முடி கொட்டுவது எல்லாம் ஒரே பலகையில் எழுதியிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்வது என்னவென்றால், ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்களுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டும்தான் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை, மற்றதெல்லாம் ஆராய்ச்சி நிலையில் இருப்பவை, அதற்குக் காசு வாங்கக் கூடாது. தலசீமியாவுக்கு நிஜமாகவே ஸ்டெம் செல் சிகிச்சை இருக்கிறது, அதனால்தான் இந்த விளம்பரங்களில் நாம் சுலபமாக விழுந்துவிடுகிறோம். இன்னொன்று, குழந்தை பிறந்தபோது தனியார் வங்கியில் சேமித்துவைத்த அதே குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம். அதில் இருப்பதும் நோய்க்குக் காரணமான அதே பழுதான பீட்டா குளோபின் ஜீன்தான், அதை அப்படியே திருப்பி ஏற்றினால் அதே தலசீமியா திரும்பி வரும். உடன்பிறந்த ஆரோக்கியமான குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம் பொருந்தினால் அது வேறு கதை, அது உதவும்.

மீதி இருப்பவை மூன்று வழிகள். வாழ்நாள் முழுக்க ரத்தமும் இரும்பு நீக்கும் மருந்தும். முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பிடமிருந்து மஜ்ஜை. பொருத்தமான உடன்பிறப்பு இல்லாதபோது அரைப் பொருத்தம் அல்லது வெளியாள் கொடை. ஜீன் சிகிச்சையை நான்காவதாகச் சொல்வார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வழியை நிறையப் பேர் ‘ஒன்றும் செய்யாமல் இருப்பது’ என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரத்தம் ஏற்றினால் பிள்ளை சிவந்து, ஓடியாடி, நன்றாகச் சாப்பிடுகிறது, மூன்று வாரம் கழித்து வாடுகிறது, மறுபடி ஏற்றினால் சரியாகிறது, இதில் என்ன சிகிச்சை இருக்கிறது என்று. உள்ளே நடப்பது வேறு. ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு தானாக வெளியேற்றுவது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான், அதிகமாகச் சேர்ந்ததை வெளியே தள்ள அதற்கு வேறு வழியே கிடையாது. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று பார்த்தால் மீதி எங்கே போய்ச் சேரும்? கல்லீரல், கணையம், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கடைசியில் இதயம். தலசீமியா பிள்ளைகள் உயரம் வளராமல் நின்றுபோவது, வயதுக்கு வராமல் இருப்பது, சர்க்கரை வருவது, இருபது வயதுக்குள் இதயம் செயலிழப்பது, பெரும்பாலும் இந்த இரும்பின் வேலைதான்.

அதனால் முதல் வழியின் உயிர் ரத்தத்தில் இல்லை, இரும்பு நீக்கும் மருந்தில் இருக்கிறது. சுமார் பத்து முதல் இருபது முறை ரத்தம் ஏற்றியபின், அல்லது உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 1000-ஐத் தாண்டியதும், வயதையும் பார்த்து மருந்தை ஆரம்பிப்பார்கள். முன்பு டெஸ்ஃபெரால் மட்டும்தான் இருந்தது, வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி ஒரு சின்ன பம்ப் மூலம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்தாறு இரவு. இப்போது டெஃபெராசிராக்ஸ் மாத்திரை, தண்ணீரில் கரைத்து நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். டெஃபெரிப்ரோன் என்று இன்னொன்றும் உண்டு, அதில் வெள்ளணுக்கள் திடீரென்று இறங்கும் ஆபத்து இருப்பதால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். டெஃபெராசிராக்ஸுக்கு சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். இதோடு ரத்தம் ஏற்றும் முன் ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே போகாமல் வைத்திருப்பது, வெள்ளணு நீக்கிய ரத்தம், வருடத்துக்கு ஒருமுறை ஹார்மோன், கொஞ்சம் வளர்ந்ததும் இதயத்திலும் கல்லீரலிலும் எவ்வளவு இரும்பு என்று காட்டும் டி2 ஸ்டார் எம்.ஆர்.ஐ. இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் தலசீமியாவோடு நாற்பது ஐம்பது வயது தாண்டி, படித்து, வேலை பார்த்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று வாழலாம். வாழ்கிறார்கள்.

எங்களுக்கு வீணான வருடம் இங்கேதான் போனது. முதலில் நாங்கள் போன மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினார்கள், அனுப்பினார்கள், ஃபெரிட்டின் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை, கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. மூன்று வயதில் வேறு இடத்தில் பார்த்தபோது 2,300. அன்றைக்கு அந்த டாக்டர் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது: “மாற்று பண்ணுறீங்களோ இல்லையோ, முதல்ல இரும்பை இறக்குங்க. பண்ணுறதா இருந்தாலும் அது வேணும், பண்ணாட்டியும் அது வேணும்.” அதாவது இவை எதிரெதிர் வழிகளே இல்லை. மாத்திரை ஒழுங்காகக் கொடுத்த பிள்ளைக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும். கொடுக்காத பிள்ளைக்கு, பொருத்தமான அண்ணன் வீட்டிலேயே இருந்தாலும், மாற்று சிகிச்சையின் ஆபத்து ஏறிக்கொண்டே போகும்.

ஏன் ஏறும்? இத்தாலியின் பெஸாரோ நகரத்தில் குய்தோ லுக்கரெல்லி என்ற மருத்துவர் எண்பதுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தலசீமியா பிள்ளைகளுக்கு மஜ்ஜை மாற்று செய்து, யார் பிழைக்கிறார்கள் யார் பிழைக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தார். மூன்று விஷயங்கள் தேறின: கல்லீரல் வீங்கியிருக்கிறதா, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா, இரும்பு நீக்கும் மருந்து ஒழுங்காக எடுத்தார்களா. மூன்றும் நன்றாக இருந்தால் முதல் வகுப்பு, மூன்றும் கெட்டிருந்தால் மூன்றாம் வகுப்பு. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் மூன்றாம் வகுப்பில்தான் வந்து சேர்கிறார்கள் என்பதால், 1986-லிருந்து மஜ்ஜை மாற்று செய்துவரும் வேலூர் சி.எம்.சி.யில் அதற்குள்ளேயும் பிரித்தார்கள்: ஏழு வயதுக்கு மேல், கல்லீரல் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வீக்கம் என்று இரண்டும் சேர்ந்தால் அது மிக அதிக ஆபத்துள்ள கூட்டம். ட்ரியோசல்ஃபான் என்ற மருந்தை வைத்துச் செய்ய ஆரம்பித்தபின் அந்தக் கூட்டத்துக்கும் முடிவுகள் நன்றாகத் தேறின. ஆனாலும் அந்தக் கூட்டத்துக்குள் போகாமல் இருப்பதே மேல்.

சரி, இரண்டாவது வழி. பெயரைக் கேட்டால் பெரிய அறுவை சிகிச்சை போல இருக்கிறது, அப்படி எதுவும் இல்லை. கொடுக்கும் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசி வைத்து மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கிறார்கள். என் மகனுக்கு அப்போது எட்டு வயது, இரண்டு மூன்று நாள் இடுப்பு வலி என்றான், அடுத்த வாரம் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். வாங்கும் பிள்ளைக்கு அது ஒரு சிவப்புப் பை, வழக்கமாக ஏற்றும் ரத்தம் மாதிரியே கம்பியில் தொங்கும், சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்தச் செல்கள் தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறும். எனக்கு இன்றுவரை இதுதான் ஆச்சரியம், ரத்தக் குழாயில் விட்டால் எலும்புக்குள் போய்ச் சேருகிறது.

கஷ்டமெல்லாம் அந்தப் பைக்கு முன்னும் பின்னும்தான். புது மஜ்ஜை குடியேற இடம் வேண்டும், அதற்குப் பழைய மஜ்ஜையை முழுக்க அழிக்க வேண்டும். கேன்சருக்குக் கொடுக்கும் வகை மருந்துகள், ஒரு வாரத்துக்கு மேல். முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், எச்சில் விழுங்க முடியாது. பையை மாட்டியபின் புது மஜ்ஜை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், அதுவரை உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று சொல்ல ஒன்றும் இல்லை, சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகும். அதன்பின் ஒட்டுநோய்: புது மஜ்ஜையிலிருந்து வரும் வெள்ளணுக்கள் இந்த உடம்பையே அந்நியம் என்று நினைத்துத் தோல், குடல், கல்லீரல் என்று தாக்கும். அதை அடக்க மாதக்கணக்கில் சைக்ளோஸ்போரின் மருந்து. முதல் நூறு நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்க வேண்டும், வீட்டில் ஒருவர் வேலையை விட்டாக வேண்டும், சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளை எல்லாம் பிறகு முதலிலிருந்து போட வேண்டும்.

அப்புறம் யாரும் முதல் சந்திப்பில் பேசாத ஒன்று உண்டு. அந்த மருந்துகளில், முக்கியமாக புசல்ஃபானில், பின்னாளில் பிள்ளை பெறும் திறன் போகும் வாய்ப்பு கணிசமானது. நாலு வயசுப் பெண்ணுக்கு இதைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. என் மனைவி இரண்டு இரவு தூங்கவில்லை. சினைப்பைத் திசுவை எடுத்து உறையவைக்கும் முறை சில இடங்களில் உண்டு, நாங்கள் செய்யவில்லை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நீங்கள் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

எண்ணிக்கை என்ன சொல்கிறது? சின்ன வயது, கல்லீரல் நல்ல நிலை, முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பு என்றால் நூற்றில் 85 முதல் 90 பிள்ளைகள் தலசீமியா இல்லாமல் வெளியே வருகிறார்கள். சிலருக்குப் புது மஜ்ஜை ஒட்டாமல் பழைய நிலைமையே திரும்புகிறது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேரை இழக்கவும் நேர்கிறது. இந்த ஐந்தைத்தான் நான் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை வழியில் அடுத்த பத்து வருடத்துக்குப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், இதில் அடுத்த மூன்று மாதத்தில் ஆகலாம். பிள்ளை முன்னால் விளையாடிக்கொண்டிருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் அங்கே படுக்கவைக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம், உடம்பு முடியாமல் போனால் செய்வோம்’ என்று மனசு சொல்லும். இந்த நோயில் அந்த யோசனை தலைகீழ். நன்றாக இருக்கும்போதுதான் இது நன்றாக நடக்கும், முடியாமல் போனபிறகு செய்தால் அந்த ஐந்து இருபதாகவும் அதற்கு மேலும் ஆகலாம். ஐந்துக்குப் பயந்து காத்திருந்து இருபதுக்குப் போய் நிற்பது எந்தக் கணக்கிலும் சேராது. எங்கள் முடிவு இந்த ஒரு வரியில்தான் நின்றது.

இதற்கு முதலில் பொருத்தம் வேண்டும். ஹெச்.எல்.ஏ. என்ற அடையாளம் ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது, அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி. ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் முழுப் பொருத்தம் வர நாலில் ஒரு வாய்ப்பு. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சு வைத்துத் தேய்த்து எடுத்தாலே பரிசோதித்துவிடுகிறார்கள், சில அறக்கட்டளைகள் முகாம் வைத்து இலவசமாகவே செய்கின்றன. கொடுக்கும் பிள்ளை தலசீமியா மைனராக, அதாவது பழுதான ஜீன் ஒன்று மட்டும் இருந்து நோய் இல்லாதவராக, இருந்தாலும் பரவாயில்லை, என் மகன் மைனர்தான். பொருத்தம் பார்க்கவே பயந்துகொண்டு தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பரிசோதனை செய்ததாலேயே மாற்று செய்தாக வேண்டும் என்று யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை.

‘அப்போ இன்னொரு குழந்தை பெத்துக்கோங்க, அது பொருந்தும்’ என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். ஒரே ஒரு பெருக்கல் போதும்: நோய் இல்லாமல் பிறக்க நாலில் மூன்று, பொருந்த நாலில் ஒன்று, சேர்த்தால் பதினாறில் மூன்று. சோதனைக்குழாய் முறையில் கருவைத் தேர்ந்தெடுத்துச் செய்வதும் நடந்திருக்கிறது, அகமதாபாத்தில் 2020-இல் அப்படிப் பிறந்த தங்கையின் மஜ்ஜையை அண்ணனுக்கு ஏற்றினார்கள். செலவும் மனசும் தாங்குகிறவர்களுக்கு. (சொந்தத்தில் கட்டியதால்தான் வந்தது என்று சொல்லும் அத்தைமார்களுக்கு ஒரு வார்த்தை: நான் மாமன் மகளைக் கட்டியவன்தான், ஆனால் வார்டில் எங்களோடு இருந்த இரண்டு குடும்பங்களுக்கு ஜாதியே வேறு வேறு. இருவரும் மைனராக இருந்தால் போதும், சொந்தமாக இருந்தால் அந்த வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான்.)

மூன்றாவது வழி, பொருத்தமான உடன்பிறப்பு இல்லாதவர்களுக்கு. சென்னையில் 2009-லிருந்து தாத்ரி என்ற கொடையாளர் பதிவகம் இருக்கிறது, வெளியாள் பொருத்தம் அங்கே தேடலாம். இல்லையென்றால் அப்பாவோ அம்மாவோ அரைப் பொருத்தத்தில் கொடுப்பது. பத்து வருடத்துக்கு முன் இருந்ததைவிட இதன் முடிவுகள் மிகவும் முன்னேறியிருக்கின்றன, நல்ல அனுபவமுள்ள இடங்களில் செய்கிறார்கள். ஆனால் மஜ்ஜை ஒட்டாமல் போவது, ஒட்டுநோய், கிருமித்தொற்று மூன்றுமே கூடுதல், செலவும் கூடுதல். என் சொந்த அபிப்பிராயம், இந்த நிலையில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். ஃபெரிட்டினை 1000-க்குப் பக்கத்தில் பிடித்துவைத்துக்கொண்டு, வருடம் ஒருமுறை ரத்தநோய் நிபுணரிடம் போய் ‘இப்போது உங்கள் மருத்துவமனையில் தலசீமியாவுக்கு அரைப் பொருத்தத்தில் எத்தனை செய்தீர்கள், எத்தனை பிள்ளைகள் நலம்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். தலசீமியாவுக்கு என்று அழுத்திக் கேளுங்கள், லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோயின் கணக்கைச் சேர்த்துச் சொன்னால் அது வேறு. பதில் சொல்லத் தயங்கும் இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜீன் சிகிச்சையைக் காட்டி ‘அதுவரை காத்திருப்போம்’ என்பவர்கள் உண்டு. காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், தலசீமியாவுக்கு 2024 ஜனவரியில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. பிள்ளையின் சொந்தச் செல்லையே எடுத்து, கருவில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபினை மறுபடி உண்டாக்கும்படி திருத்தி, திரும்ப ஏற்றுகிறார்கள். கொடையாளர் வேண்டாம், ஒட்டுநோய் இல்லை. ஆனால் புசல்ஃபான் இதிலும் உண்டு, அனுமதி கிடைத்தது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். ரூபாய் இல்லை, டாலர். பன்னிரண்டு வயதில் அதைச் செய்துகொள்ளும் நிலையில் பிள்ளையின் கல்லீரலும் இதயமும் இருக்க வேண்டும் என்றால் மறுபடி மாத்திரைக்கே வந்துவிட்டோம்.

பணக் கணக்கு. ரத்தத்தைப் பொறுத்தவரை அரசு ரத்த வங்கிகளில் தலசீமியா பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, மாற்று ஆள் கொண்டுவா என்றும் கேட்கக் கூடாது, கேட்டால் சண்டை போடலாம். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், சில மாதம் ‘ஸ்டாக் இல்லை’ என்பார்கள், அப்போது வெளியே வாங்க வேண்டும். முழுப் பொருத்த மாற்றுக்குத் தனியாரில் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும், சிக்கல் வந்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. இதற்கு 2017-லிருந்து கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா பால் சேவா திட்டம் இருக்கிறது, பத்து லட்சம் வரை நேராக மருத்துவமனைக்கே கொடுக்கிறார்கள், வயது வரம்பும் வருமான வரம்பும் உண்டு, பட்டியலில் உள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும், வேலூர் சி.எம்.சி. அதில் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் மஜ்ஜை மாற்றுக்கு இடம் உண்டு. இரண்டையும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள், டாக்டருக்கு இந்தக் காகித வேலை தெரிந்திருக்காது. எந்தத் திட்டமும் தராத செலவு நூறு நாள் வாடகை, சாப்பாடு, போன சம்பளம். எங்களுக்கு அதுவே மூன்று லட்சத்தைத் தொட்டது, மனைவியின் நகை அதில்தான் போனது.

எல்லாம் முடிந்தபின் ஒரு வேடிக்கை. மஜ்ஜை மாறினாலும் ஏற்கெனவே சேர்ந்த இரும்பு அங்கேயேதான் இருக்கிறது. அதனால் இப்போது மாதத்துக்கு ஒருமுறை அவளிடமிருந்து ரத்தம் எடுக்கிறார்கள், எடுத்தால் இரும்பும் கூடவே வெளியேறும் என்று. நாலு வருடம் ஊர் ஊராக ரத்தம் கேட்டு அலைந்தவன், அந்தப் பையைக் குப்பைக்கு எடுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொன்று, அவள் பி பாசிட்டிவாக இருந்தாள், அண்ணன் ஓ பாசிட்டிவ். இப்போது அவளுக்கும் ஓ பாசிட்டிவ். பள்ளி அடையாள அட்டையில் இன்னும் பழைய குரூப்தான் அச்சாகியிருக்கிறது, மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன், ஆபீஸில் இருந்தவர் ‘ரத்த குரூப் எப்படி சார் மாறும்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டிஸ்சார்ஜ் அறிக்கையின் ஜெராக்ஸோடு திங்கட்கிழமை மறுபடி போக வேண்டும்.